மக்களோடு சேர்ந்து வடிவமைக்கும் ஆய்வு

ஏடிஎம் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், ரயில் முன்பதிவுச் செயலியில் தவறான தேதியைத் தொட்டுவிட்டால் எப்படித் திரும்புவது, மருத்துவமனைப் பலகையில் டோக்கன் எண் எவ்வளவு நேரம் ஒளிர வேண்டும் என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கும் துறை ஊடாட்ட வடிவமைப்பு. இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் வேகத்தையும் பிழைகளையும் எண்ணுகின்றன. எத்தனை விநாடியில் வேலை முடிந்தது, எத்தனை முறை தடுமாறினார்கள் என்பதே அளவுகோல். சமூகம் சார்ந்த ஆய்வு இன்னும் கடினமான கேள்விகளைச் சேர்த்துக்கொள்கிறது. இந்தக் கருவி வந்தபின் யார் கை ஓங்குகிறது? யார் வேலை போகிறது? யார் சொல்வது காதில் விழாமல் போகிறது? இவற்றுக்கு விடை தேட, கருவியோடு வாழப்போகிறவர்களையே வடிவமைப்பில் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்கிறது. இத்தகைய ஆய்வைத் திட்டமிடும் கலைக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

அதன் தொடக்கம் நார்வே. 1970களின் முற்பகுதியில் அங்கே தொழிற்சாலைகளில் கணினிகள் நுழைந்துகொண்டிருந்தன. உற்பத்தித் திட்டம், இயந்திரக் கட்டுப்பாடு, ஆட்களின் வேலைப் பங்கீடு ஆகியவை நிர்வாகத்தின் கணினிக்குள் போயின. அவற்றைப் பற்றி நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடத்தும் அறிவு தொழிலாளர்களிடம் இல்லை. நார்வே இரும்பு மற்றும் உலோகத் தொழிலாளர் சங்கம் இதற்காக ஓஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தின் கிறிஸ்டன் நைகார்டை நாடியது. சிமுலா என்ற நிரல்மொழியை ஓலெ-யோஹான் டாலோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். இன்றைய நிரலாக்கத்தின் அடித்தளங்களில் ஒன்றான அந்தப் பணிக்காக 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. கணினித்துறையின் உச்சியில் இருந்த ஒருவர், கணினியால் அச்சமுற்ற தொழிலாளர்களின் பக்கம் வந்து நின்றது இத்துறையின் நல்லூழ்.

முதலில் அந்த ஆய்வும் வழக்கமான வழியில்தான் திட்டமிடப்பட்டது. ஆய்வாளர்கள் தொழிற்சாலைகளைப் பார்ப்பார்கள், தகவல் சேர்ப்பார்கள், முடிவில் அறிக்கை தருவார்கள். இப்படி எழுதப்படும் அறிக்கையால் சங்கத்தின் கை சற்றும் வலுப்படாது என்பது விரைவிலேயே தெரிந்தது. எனவே ஆய்வின் ‘முடிவு’ எது என்பதையே நைகார்டும் அவருடைய சக ஆய்வாளர் ஓலாவ் தெர்யே பெர்கோவும் மாற்றி எழுதினார்கள். ஆய்வின் விளைவாகச் சங்கம் தலைமை மட்டத்திலோ ஆலை மட்டத்திலோ மேற்கொள்ளும் செயல்களே ஆய்வின் முடிவு. அறிக்கை அதற்குத் துணை. ஆலைகளில் தொழிலாளர் படிப்புக் குழுக்கள் கூடின. அவர்களுக்கென்று பாடநூல் எழுதப்பட்டது. கணினி விவகாரங்களைக் கவனிக்கத் தொழிலாளர்களே தங்களுக்குள் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1975இல் நார்வேயின் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் நாடு தழுவிய ‘தரவு ஒப்பந்தம்’ செய்துகொண்டன. புதிய கணினி அமைப்பு வருவதற்கு முன்பே தகவல் பெறும் உரிமை அதன்மூலம் தொழிலாளருக்கு வந்தது.

இன்று ஒரு மாணவரோ ஆய்வுக் குழுவோ ஆய்வுத் திட்டம் எழுத உட்காரும்போது முதலில் நிரப்ப வேண்டிய வரி இதுதான்: ஆய்வு முடிந்தபின் யார் எதைச் செய்யக்கூடியவர்களாக இருப்பார்கள்? பெரும்பாலான திட்ட வரைவுகளில் இந்த இடத்தில் ஒரு செயலியின் பெயரோ ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்போ இருக்கும். அவை வேண்டியவையே. ஆனால் அவை மட்டுமே இருந்தால், சமூகம் அந்தத் திட்டத்தில் வெறும் சோதனைக்களம். எந்தப் பிரச்சினையை எடுப்பது என்பதும் இதையொட்டியே தெளிவாகும். உலோகத் தொழிலாளர் சங்கம் தன் பிரச்சினையைத் தானே சுமந்துகொண்டு ஆய்வாளரிடம் வந்தது. ஆய்வாளர் கையில் ஒரு தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமான ஏழைகளைத் தேடிப்போவது இதற்கு நேர் எதிரான பாதை. அந்தப் பாதையில் போன திட்டங்கள் நிதி தீர்ந்ததும் நின்றுபோவதில் வியப்பில்லை.

அடுத்தது கூட்டாளி. 1981 முதல் 1985 வரை ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் நடந்த ‘உடோபியா’ திட்டம் இதற்குச் செறிவான சான்று. நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கம், ஸ்டாக்ஹோமின் தொழில்வாழ்க்கை ஆய்வு மையம், அந்நகரின் அரச தொழில்நுட்பக் கழகம், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம் ஆகியவை அதில் சேர்ந்திருந்தன. பெல்லே யென், மார்டன் கிங், சூசன் போட்கர் போன்ற ஆய்வாளர்களோடு அச்சுக்கூடத்தில் பழகிய தொழிலாளர்களும் குழுவில் இருந்தார்கள். செய்தித்தாள்களில் ஈய எழுத்து போய், ஒளி அச்சுக்கோப்பு வந்து, அடுத்து பக்கம் அமைக்கும் வேலை முழுவதும் திரைக்குள் போகவிருந்த நேரம் அது. சந்தைக்கு வந்த கணினி அமைப்புகள் ஆள்குறைப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டிருந்தன. வந்த அமைப்பை எதிர்ப்பதோடு நிற்காமல், அச்சுத் தொழிலாளியின் தேர்ச்சியை வளர்க்கும் மாற்று அமைப்பை அவர்களே வரையறுக்க முடியுமா என்று உடோபியா கேட்டது. பத்தியின் அகலம், தலைப்பின் எடை, படத்தை வெட்டும் கோணம் ஆகியவற்றில் பல ஆண்டுக் கைப்பழக்கம் உள்ளவர்கள் தங்கள் கருவியைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அதே திட்டம் கூட்டாளியைத் தேர்வதில் உள்ள ஒரு சிக்கலையும் வெளிக்காட்டியது. உருவான கருத்துகளைக் கொண்ட ‘டிப்ஸ்’ என்ற அமைப்பு ஸ்டாக்ஹோமின் ‘ஆஃப்டன்பிளாடெட்’ நாளிதழில் சோதனைக்கு வந்தது. செய்தித்தாளின் பக்கத்தை உருவாக்குவதில் அச்சுத் தொழிலாளரோடு பத்திரிகையாளருக்கும் பங்கு உண்டு. திரையில் பக்கம் அமைக்கும் உரிமை யாருக்கு என்பதில் இரு தரப்புச் சங்கங்களின் நலன்களும் மோதின. உடோபியாவில் பத்திரிகையாளர்கள் முழுப் பங்காளிகளாக இல்லை. ஒரு சங்கத்தோடு மட்டும் கைகோத்ததால் ஆய்வுக்கு உறுதியான தளம் கிடைத்தது. அதே காரணத்தால் அடுத்த மேசையில் இருந்தவர்களின் குரல் வெளியே நின்றது. ‘சமூகம்’ என்று திட்டத்தில் எழுதுவது எளிது. அந்தச் சொல்லுக்குள் சாதி, பால், கூலி, பதவி எனப் பல பிளவுகள் இருக்கின்றன. யார் கூட்டத்துக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைக் குறித்துவைப்பது வந்தவர்கள் சொன்னதைக் குறித்துவைப்பதற்கு ஈடான வேலை.

கூட்டாளி அமைந்தபின் உடனே கருவி செய்ய இறங்கக் கூடாது. வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓஸ்லோவில் 1980களில் குரோ பியெர்க்னெஸும் டோனே பிராட்டெடெய்கும் செவிலியரோடு நடத்திய ‘ஃப்ளாரன்ஸ்’ திட்டத்தில் இதற்கு நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. கணினியாளர்கள் வார்டுகளில் செவிலியரோடு கூடவே நடந்தார்கள். செவிலியர் கணினியைப் பற்றிக் கற்றார்கள். பரஸ்பரக் கற்றல் என்று இத்துறை இதைச் சொல்கிறது. முடிவில் உருவானது பிரம்மாண்டமான மருத்துவமனை மென்பொருள் அல்ல. பணிமாற்ற நேரத்தில் செவிலியர் கையில் வைத்துக்கொள்ளும் வேலைத்தாளை அச்சிட்டுத் தரும் ஓர் எளிய அமைப்பு. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். ஒரு செவிலியரிடமிருந்து அடுத்தவருக்கு நோயாளிகளின் நிலை கைமாறும் அந்தச் சில நிமிடங்களில்தான் வார்டின் பாதுகாப்பு இருக்கிறது என்பது கூட நடந்தவர்களுக்கே தெரியும்.

பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வு இதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. 2005இல் அங்கே தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் இந்திராணி மேதி, அமன் சாகர், கென்டாரோ டொயாமா ஆகியோர் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக எழுத்தே இல்லாத திரையை வடிவமைத்தார்கள். குடிசைப் பகுதிகளில் வசித்து, வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண்கள் அவர்கள். ஸ்த்ரீ ஜாக்ருதி சமிதி என்ற பெண்கள் அமைப்பின் வழியாகவே ஆய்வாளர்கள் அவர்களிடம் போனார்கள். எந்த வீட்டில் என்ன வேலை, என்ன கூலி, எவ்வளவு தூரம் என்பதைப் படத்தாலும் குரலாலும் சொல்லும் வேலைதேடு கருவி அது. வெறும் குறியீடு உதவவில்லை. கோட்டுச்சித்திரம் நன்றாக எடுபட்டது. ஆனால் சமையலறையின் படத்தைக் காட்டினால் பெண்கள் அதை ஓர் இடமாகவே எடுத்துக்கொண்டார்கள், சமையல் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. பாத்திரத்திலிருந்து ஆவி எழும்பி, குழாயிலிருந்து தண்ணீர் விழுவதுபோல் அசைவு சேர்த்ததும் அது வேலை என்று புரிந்தது. எழுத்துத் தெரியாத பலருக்கும் எண்கள் தெரிந்திருந்தன என்பதும் ஒரு கண்டுபிடிப்பு. கூலியை எண்ணிப் பெறுகிறவர்களுக்கு எண் தெரியாமல் இருக்குமா?

பொத்தான்களெல்லாம் புரிந்தபின்னும் ஒரு தடை இருந்தது. இந்தப் பெட்டிக்குள் வேலை பற்றிய தகவல் எப்படி வந்தது, யார் வைத்தது, இதைத் தொட்டால் தனக்கு எப்படி வேலை கிடைக்கும் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. தொட்டால் பழுதாகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. எனவே ஆய்வாளர்கள் ஒரு சிறு நாடகப் படம் எடுத்தார்கள். வீட்டுக்காரர் ஆள் தேவை என்று சொல்வதும், அது கணினிக்குள் போவதும், ஒரு பெண் அதைப் பார்த்து வேலைக்குச் சேர்வதும் அதில் கதையாக வந்தன. கதையைப் பார்த்தபின் பெண்கள் கருவியைத் தாங்களாகவே பயன்படுத்தினார்கள். கல்லாமைதான் தடை என்று தொடங்கிய ஆய்வு, கணினி என்ற ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை வைக்கக் காரணம் கிடைக்காததும் தடை என்று கண்டுகொண்டது. தொடக்கத்தில் எழுதிய கேள்வியைப் பாதி வழியில் மாற்றும் துணிவு இத்தகைய ஆய்வுக்கு இருக்க வேண்டும். திட்டத்தின் காலமும் நிதியும் அதற்கு இடம் விட்டு ஒதுக்கப்பட வேண்டும்.

பார்த்ததை வடிவமாக்கும் கட்டத்துக்கு மறுபடியும் உடோபியாவையே பார்க்கலாம். முதலில் ஆய்வாளர்கள் தங்களுக்குப் பழக்கமான முறையில், தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்ற வரைபடங்களைப் போட்டு அச்சுத் தொழிலாளரிடம் காட்டினார்கள். அம்புக்குறிகளும் கட்டங்களும் நிறைந்த அந்தத் தாள்கள் அவர்களிடம் எதையும் பேசவில்லை. பிறகு ப்ளைவுட், காகிதம், அட்டைப்பெட்டி ஆகியவற்றைக் கொண்டு ஒரு போலிப் பணிமேடை செய்தார்கள். காகிதமே திரை. வெறும் அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் ‘லேசர் பிரிண்டர்’ என்று எழுதி வைத்தார்கள்; அப்போது அந்த இயந்திரம் சந்தையில் எளிதில் கிடைக்காது. தொழிலாளர்கள் அந்த மேடையின் முன் அமர்ந்து பக்கம் அமைப்பதுபோல் வேலை செய்தார்கள். படத்தை எங்கே நகர்த்துவது, முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பது எப்படி, சின்ன எழுத்தைச் சரிபார்க்கப் பெரிதாக்குவது எப்படி என்ற கேள்விகள் கைவேலையின் ஊடே எழுந்தன. பிடிக்காததைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிய முடிந்தது.

அட்டை மாதிரியின் பலம் அதன் மலிவில் மட்டும் இல்லை. அதை மாற்ற நிரலாளரின் அனுமதி தேவையில்லை. பளபளப்பான திரையைக் கண்டால் வாயடைத்துப்போகிறவர்கூட அட்டைப்பெட்டியிடம் தயங்காமல் குறை சொல்வார். நிபுணரும் தொழிலாளியும் சம உரிமையோடு கைவைக்கக்கூடிய பொருள் ஒன்று நடுவில் இருக்கும்போதுதான் ‘சேர்ந்து வடிவமைத்தல்’ என்பதற்குப் பொருள் வருகிறது. இன்று கணினியிலேயே சில நிமிடங்களில் அசல்போன்ற திரைகளை வரைந்துவிட முடிகிறது. வகுப்பறைகளில் மாணவர்கள் அதற்குத்தான் தாவுகிறார்கள். கிராமத்துக் கூட்டத்துக்கு அதை எடுத்துப்போனால் பாராட்டு கிடைக்கும், திருத்தம் கிடைக்காது.

காகிதத்தின் இடம் மாதிரியோடு முடிந்துவிட வேண்டியதும் இல்லை. 2000களின் நடுவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் தபன் பரிக் தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்கு வழக்கைக் கணினிக்குக் கொண்டுவரும் வழியைத் தேடினார். சேமிப்பும் கடனும் தவணையும் நோட்டுப் புத்தகங்களிலும் தாள்களிலும் எழுதப்பட்டுவந்தன. குழுவின் நடுவில் எல்லார் கண்முன்னும் எழுதப்பட்ட தாளில் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை இருந்தது. அந்தத் தாளை ஒழிக்காமலே ‘காம்’ என்ற அமைப்பை அவர் செய்தார். படிவத்தில் பார்கோடு போன்ற குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். கேமரா கைப்பேசி அவற்றை அடையாளம் கண்டு, எந்தக் கட்டத்துக்கு எந்த எண் என்று கேட்டுப் பதிந்துகொள்ளும். கணக்கு கணினிக்குப் போயிற்று, தாளும் குழுவிடமே இருந்தது. ஏற்கெனவே சரியாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றைக் கெடுக்காமல் விடுவதும் வடிவமைப்பில் சேர்த்தி.

செய்ததைச் சோதிக்கும் கட்டத்தில் ஒரு பொல்லாத பொறி காத்திருக்கிறது. நிக்கோலா டெல்லும் அவருடைய குழுவினரும் பெங்களூரில் 450 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு அதை எண்களோடு காட்டியது. ஒரே மாதிரியான இரண்டு பொருள்களைக் காட்டி, அவற்றில் ஒன்று கேள்வி கேட்பவரே செய்தது என்று தெரியவைத்தார்கள். மக்கள் கேட்பவர் செய்ததை விரும்புவதாகச் சொல்வது சுமார் 2.5 மடங்கு கூடியது. கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவராக இருந்தால் அந்தச் சாய்வு 5 மடங்காக ஏறியது. தரம் குறைந்ததென்று கண்ணால் பார்த்தாலே தெரியும் ஒன்றைக் காட்டியபோதும் அதையே நல்லதென்றார்கள். வீட்டுக்கு வந்தவர் மனம் கோணக் கூடாது என்ற பண்பும், படித்தவர் முன் எதிர்த்துப் பேசத் தயங்கும் பழக்கமும், நாளை ஏதாவது உதவி வருமோ என்ற எதிர்பார்ப்பும் அந்தப் பதிலுக்குள் இருக்கலாம். ‘பயனர்கள் மிகவும் விரும்பினார்கள்’ என்ற வரியை ஆய்வு அறிக்கையில் எழுதுமுன் இந்த ஆய்வை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஒரு மணி நேரச் சோதனையைவிடப் பல மாதப் பயன்பாடு நம்பகமானது என்பதால்தான் களத்தில் கருவியை விட்டுவைக்கிறார்கள். குஜராத்தில் நீல் பட்டேலும் அவருடைய கூட்டாளிகளும், விவசாயிகளோடு வேலை செய்துவந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் துணையோடு, ‘அவாஜ் ஓட்லோ’ என்ற தொலைபேசிக் குரல் மன்றத்தை அமைத்தார்கள். சாதாரணப் போனில் அழைத்து, குஜராத்தியில் கேள்வியைப் பதிவு செய்யலாம். பிறர் கேள்வி பதில்களைக் கேட்கலாம். கட்டளையை வாயால் சொல்வதைவிடப் பொத்தானை அழுத்துவதே விவசாயிகளுக்கு எளிதாக இருந்தது என்று முன்சோதனை காட்டியிருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பேச்சுதான் வசதி என்ற ஊகம் அங்கே பொய்த்தது. பின்பு 51 விவசாயிகள் 7 மாதம் பயன்படுத்தினார்கள். நிபுணர்கள் தயார் செய்த நிகழ்ச்சிகளைவிட, கேள்வி பதில் பகுதிக்கே அதிகப் பேர் வந்தார்கள். தங்கள் விளைபொருளுக்கு விளம்பரம் செய்யவும் சிலர் அதை எடுத்துக்கொண்டார்கள். வடிவமைத்தவர் நினைக்காத இப்படிப்பட்ட பயன்பாடுகளே, கருவி மக்களின் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்குச் சரியான அடையாளம்.

கருவி எங்கே வைக்கப்படுகிறது என்பதும் இடைமுகத்தின் ஒரு பகுதி. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அமைத்த அறிவு மையங்களில் கணினிகள் இருந்தன. மீனவர் கிராமமான வீராம்பட்டினத்துக்கு அவசியமானது அலை உயரம் பற்றிய முன்கணிப்பு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த கணிப்பை மையத்தார் தமிழில் எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருப்பவர் மையத்துக்கு நடந்துவர வேண்டியதில்லை, எழுத்தும் தேவையில்லை, ஒருவருக்குக் கிடைத்து ஒருவருக்குக் கிடைக்காமல் போவதும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்தில் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கை மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊரெங்கும் போய், உயிர்களைக் காப்பாற்றியது. சுனாமியை மனத்தில் வைத்து யாரும் அந்த ஒலிபெருக்கியைக் கட்டவில்லை. ஊரின் பொது உடைமையாக அது இருந்ததால், வேண்டிய நேரத்தில் ஊர் அதை எடுத்துக்கொண்டது.

ஆய்வில் பங்கேற்பவரின் ஒப்புதல் என்பது படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிற காரியம் என்றே பல நிறுவனங்களில் நடக்கிறது. பல்கலைக்கழக நெறிக்குழுவுக்கு அந்தப் படிவம் தேவை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரிடமோ, தொண்டு நிறுவனத்தின் கடனை எதிர்பார்த்திருப்பவரிடமோ வாங்கும் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு? எதற்காகக் கேட்கிறோம், குரலும் படமும் எங்கே போகும், பாதியில் விலகினால் எதுவும் பறிபோகாது என்பதை அவர்கள் மொழியில் வாயால் சொல்ல வேண்டும். ஆய்வு வளர வளர மறுபடியும் கேட்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவரின் ஒரு பிற்பகல் என்பது அரை நாள் வருமானம். அந்த நேரத்துக்கான தொகை திட்டத்தின் வரவு செலவில் முதலிலேயே இடம்பெற வேண்டும். ஆய்வாளருக்குச் சம்பளமும் பங்கேற்பாளருக்குத் தேநீரும் என்ற கணக்கு நியாயமானது அல்ல.

இத்தனை சிக்கல்களும் ஒரே இடத்தில் கூடிய ஆய்வு ‘டர்க்காப்டிகான்’. அமேசான் நிறுவனம் 2005இல் ‘மெக்கானிக்கல் டர்க்’ என்ற தளத்தைத் தொடங்கியது. படங்களுக்குப் பெயரிடுவது, ஒலியை எழுத்தாக்குவது போன்ற துண்டு வேலைகளை அதில் போடுவார்கள். உலகின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் சில காசுகளுக்குச் செய்து தருவார்கள். அமெரிக்கருக்கு அடுத்து அதில் பெருந்தொகையாக இருந்தவர்கள் இந்தியர்கள். வேலை கொடுத்தவர் காரணம் சொல்லாமலே வேலையை நிராகரிக்கலாம், கூலி தர வேண்டியதில்லை, செய்து முடித்த வேலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேலை கொடுப்பவர் தொழிலாளியை மதிப்பிடத் தளத்தில் வழி இருந்தது. தொழிலாளி வேலை கொடுப்பவரை மதிப்பிட வழி இல்லை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாக மாணவர்களான லில்லி இரானியும் சிக்ஸ் சில்பர்மனும் அந்தத் தளத்திலேயே ஒரு துண்டு வேலையைப் போட்டு, தொழிலாளர்களுக்கு என்னென்ன உரிமைகள் வேண்டும் என்று கேட்டார்கள். காரணமற்ற நிராகரிப்பு, தாமதமான கூலி, குறைந்த கூலி, பதில் சொல்லாத முதலாளி ஆகியவை பற்றிக் குறைகள் வந்தன. அவற்றிலிருந்து பிரவுசரில் சேர்க்கும் ‘டர்க்காப்டிகான்’ என்ற சிறு நிரல் உருவாகி 2009இல் வெளியானது. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், அதைக் கொடுத்தவர் பேசுகிறவரா, தாராளமாகக் கொடுப்பவரா, நியாயமானவரா, நேரத்துக்குக் கொடுப்பவரா என்று மற்றத் தொழிலாளர்கள் இட்ட மதிப்பெண்கள் தெரியும். அமேசானின் பக்கத்தின் மேலேயே தொழிலாளர்களின் பேச்சு தோன்றியது. பரஸ்பர உதவிக்கான ஓர் அறையை முதலாளியின் ஆலைக்குள்ளேயே கட்டியது போன்ற வேலை அது. தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அதை நாடினார்கள்.

வெற்றி பெற்றதால் வந்த சுமைகளும் உண்டு. வெளியிட்டதும் கைகழுவ முடியவில்லை. சர்வர் செலவு, பொய் மதிப்புரைகள், மிரட்டல், சச்சரவு ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டியிருந்தது. அதில் பெரும்பங்கைத் தொழிலாளர்களே நடுவர்களாக இருந்து சுமந்தார்கள். ஆராய்ச்சி நிதி புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும், பராமரிப்புக்குக் கிடைக்காது. பத்திரிகைகளோ இரண்டு படித்த வடிவமைப்பாளர்கள் வழியற்ற தொழிலாளர்களை மீட்ட கதையாக இதை எழுதின. இந்தக் கதையை இரானியும் சில்பர்மனும் 2016இல் ஒரு கட்டுரையில் வெளிப்படையாக மறுத்தார்கள். தொழிலாளர்கள் தங்கள் மன்றங்களில் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் தகவல் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த உழைப்பின் மேல்தான் நிரல் நின்றது. வடிவமைப்பாளரை மீட்பராகக் காட்டும் கதை, தொழிலாளியை மறுபடியும் கண்ணுக்குத் தெரியாதவராக்குகிறது. இத்துறையில் எழுதப்பட்ட நேர்மையான கட்டுரைகளுள் அதற்கு உயர்ந்த இடம் உண்டு.

ஆகவே வெளியேறும் வழியைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். மூன்றாண்டு நிதி முடிந்தபின் யார் நடத்துவார்கள், கடவுச்சொல் யாரிடம் இருக்கும், சேர்ந்த தகவல் யாருடையது, யாரும் நடத்த முன்வராவிட்டால் எப்படி மூடுவது என்பவை முதல் கூட்டத்திலேயே பேச வேண்டியவை. சில சமயம் எதையும் செய்யாமல் விடுவதே ஆய்வின் சரியான முடிவாக இருக்கும். எரிக் பாமரும் அதே சில்பர்மனும் 2011இல் இதை வாதிட்டார்கள். சாதாரணமான ஒரு ஏற்பாடே போதுமென்றால், தொழில்நுட்பம் நன்மையைவிடத் தீமையைக் கூட்டுமென்றால், செய்ய வேண்டாம் என்று சொல்வதும் அறிவுதான். பெங்களூரில் எழுத்தில்லாத் திரையில் பங்கெடுத்த டொயாமா பின்னாளில் இதையொட்டி ஒரு கொள்கையையே முன்வைத்தார். தொழில்நுட்பம் மனிதரிடம் ஏற்கெனவே உள்ள ஆற்றலையும் எண்ணத்தையும் பெருக்கும், இல்லாததைப் படைக்காது. நிர்வாகம் சரியில்லாத பள்ளியில் கணினி வைத்தால் சரியில்லாத நிர்வாகத்தோடு கணினியும் இருக்கும்.

ஆய்வு எழுதப்படும் மொழியும் திட்டத்தில் அடங்க வேண்டும். உடோபியா தன் ஆண்டுகளில் ‘கிராஃபிட்டி’ என்ற செய்தித்தாளை அச்சுத் தொழிலாளர்களுக்கென்றே வெளியிட்டது; ஆய்வில் என்ன நடக்கிறது என்று அவர்கள் அவ்வப்போது அறிந்தார்கள். தமிழ்நாட்டு மகளிர் குழுக்களையும் புதுச்சேரி மீனவர்களையும் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் அநேகமாக ஆங்கில மாநாட்டுத் தொகுப்புகளில் கிடக்கின்றன. நேரமும் சொல்லும் கொடுத்தவர்கள் படிக்கவோ படித்துக் கேட்கவோ அவை எட்டாது. இங்கே இத்தகைய ஆய்வைத் தொடங்கும் மாணவர்களும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும், கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பும் அதே மாதத்தில் அதன் சாரத்தைத் தமிழில் எழுதி, ஆய்வு நடந்த ஊரில் கூட்டம் கூட்டி வாசித்துக்காட்ட வேண்டும். அங்கே எழும் மறுப்புகளையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும்.